உப்புப் பார்த்த கை

துறையூர் எனக்குப் பின்னால் மூன்று மைல் போயிருந்தது. கையில் ஒரு துணி மூட்டை, மடியில் கொஞ்சம் பொரிகடலை. ஒன்பது நாள் அங்கே ஓர் ஓட்டலில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, எந்த ஜெயிலில் இருந்தாய் என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். ஓட்டலை விட்ட அன்றைக்கு மட்டும் எனக்குப் போக ஓர் இடம் இருந்தது.

ஜெயிலில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வந்த கேசுதான் பெயர். டிக்கெட் இல்லாமல் ரயிலில் பிடிபட்டு, அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே போன நான் டிக்கெட். கொல்லிமலையில் காட்டிலாகா எல்லைக்குள் தன் வீட்டுக்கு விட்டம் வெட்டியவன் மரம். மடை திறக்கிற சண்டையில் பங்காளியை மண்வெட்டிக் காம்பால் மண்டையில் அடித்தவன் வாய்க்கால். அவன் மலையடிவாரத்தில் புளியஞ்சோலைக்குக் கீழே சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடியானவன். எங்கள் மூன்று பேரையும் சமையற்கட்டில் போட்டார்கள். மரம் விறகு பிளப்பான், வாய்க்கால் களி கிண்டுவான், நான் குழம்பு. எனக்கு மட்டும் இன்னொரு வேலையும் உண்டு. பாத்திரத்தை இறக்குவதற்கு முன்னால், வார்டர் எதிரில் அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிக் காட்ட வேண்டும். உப்புக் குறைந்திருந்தால் நானே போட வேண்டும். போடாமல் விட்டு, பிறகு கைதிகள் குறை சொன்னால் அடி எனக்கு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி.

மரம்தான் முதலில் விடுதலையானான். போவதற்கு முதல் நாள் அவன் ஊர் வழக்கத்தை எங்களுக்குச் சொன்னான். ஜெயில் சோறு தின்றவனை ஊர் சேர்க்காது. நெருப்புக் கொடுக்காது, ஊற்றில் தண்ணீர் எடுக்க விடாது. அவன் மனைவி குழந்தையோடு தன் அப்பன் வீட்டில்தான் இருக்க வேண்டும். திரும்பச் சேர்வதற்கு ஒரே வழி, ஜெயில் சோறு தின்ற அதே கையால் ஊருக்குச் சமைத்துப் போடுவது. ஊர்க்கவுண்டர் முதல் கவளம் தின்றுவிட்டால் அவன் ஊர்க்காரன். தின்னாமல் இலையை விட்டு எழுந்துவிட்டால் அதோடு முடிந்தது; இரண்டாவது விருந்து கிடையாது. கூடமாட வேலை செய்ய ஊரார் வர மாட்டார்கள், வெளியூர்ச் சிநேகிதர்கள் வரலாம். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை என்று நாளும் சொன்னான். நாங்கள் வருவதாகச் சொல்லியிருந்தோம்.

வியாழக்கிழமை காலையில் புளியஞ்சோலையில் ஆற்றங்கரைப் பாறைமேல் வாய்க்கால் ஒரு கிடாயோடு உட்கார்ந்திருந்தான். அவன் தோளில் உப்பும் மிளகாயும் கட்டிய பை. உப்பு மேலே கிடைக்காது, கீழேயிருந்துதான் போக வேண்டும். என்னைப் பார்த்ததும், ஏறுகிற வரைக்கும் கிடாயை நீ பிடி, நான் விடிகிறதற்கு முன்னாலிருந்து அதோடு மல்லுக்கட்டிவிட்டேன் என்று கயிற்றைக் கையில் கொடுத்தான். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மலைக்கு அப்போது ரோடு கிடையாது. பாறை வழுக்குகிற இடத்திலெல்லாம் கிடாயை நான் சுமந்தேன். மலைமேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் மரத்தின் ஊரைச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

அவன் வீடு ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, அவன் காட்டு ஓரத்தில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்தான், ஆனால் ஆள் பாதியாகியிருந்தான். வீட்டுக்கு முன்னால் அவனுடைய சாமை முற்றிச் சாய ஆரம்பித்திருந்தது. இன்னொரு மழை வந்தால் மணியெல்லாம் தரையில் உதிர்ந்துவிடும். சாமையை அங்கே ஊர் கூடித்தான் அறுப்பார்கள், இன்று ஒருவர் காடு, நாளை ஒருவர் காடு என்று. சுற்றிலும் எல்லார் காடும் அறுத்தாயிற்று. இவன் காடு மட்டும் நின்றது. குருவிகள் கூட்டமாக இறங்கித் தின்றுகொண்டிருந்தன. மரம் அவற்றை விரட்டக்கூட இல்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஒரு வாசலைக் காட்டி, அதுதான் தன் மனைவியின் அப்பன் வீடு என்றான். நான்கு மாதமாகக் குழந்தையை இங்கே நின்றபடியேதான் பார்க்கிறானாம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊரிலிருந்து ஒருவர் உடைந்த சட்டியில் நெருப்புக் கொண்டுவந்தார். விருந்துக்கு மட்டும் ஊர் நெருப்புத் தரும். அவரைக் காரியக்காரர் என்று சொன்னார்கள். ஊருக்குச் சொல்லி அனுப்புவது, பந்திக்கு வரிசை வைப்பது, இப்படிப்பட்ட சமயத்தில் பக்கத்திலிருந்து பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது வயது இருக்கும். நெருப்பைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டார். அப்புறம் ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

மரம் எங்களை அருகில் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்.

"வெட்டலாம், இடிக்கலாம், கிண்டலாம். உப்பும் காரமும் நான்தான் போடோணும். சாமிக்கு வெக்கறதுக்கு முன்னால ஒரு சொட்டு ஒருத்தர் நாக்குலயும் படக்கூடாது. தெரிஞ்சுதா?"

"இதென்ன, எங்க ஊட்டுலயும் படையலுக்கு அப்படித்தான்" என்றான் வாய்க்கால். நானும் தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாமல் இல்லை.

நானும் வாய்க்காலும் மாறி மாறிச் சாமையை உரலில் குற்றினோம். ஊர் ஊற்றில் மொள்ளக்கூடாது என்பதால் தண்ணீருக்குப் பள்ளத்தில் கால் மைல் இறங்கி ஏற வேண்டும். வாய்க்கால் கிடாயை அறுத்து உரித்தான். மரம் மிளகும் மல்லியும் மிளகாயும் வைத்து அம்மியில் அரைத்தான். இரண்டு பெரிய பானைகள், ஒன்று சோற்றுக்கு, ஒன்று கறிக்கு. வேலை கைக்கு வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஜெயிலில் பேசிக்கொள்வது போலவே பேச ஆரம்பித்துவிட்டோம். வாய்க்கால் வார்டர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, களியில் கல் இருக்கிறதா என்று என்னை விசாரித்தான். மரம் சிரித்தான். பாறைமேல் இருந்தவர் சிரிக்கவில்லை.

உச்சி சாய்ந்த சமயம். சோற்றுப் பானை இறங்கிவிட்டது. மரம் வாழைப்பழத் தார் வெட்டுவதற்காக வீட்டுக்குப் பின்னால் போனான். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டிரு என்று கறிப் பானையை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். கிண்டினேன். கறி வெந்து குழம்பு கெட்டியாகிக்கொண்டிருந்தது. நல்ல வாசனை. அகப்பையை எடுத்தேன், உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டேன், நக்கினேன். உப்புக் கொஞ்சம் குறைவு. உப்புச் சட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் போட்டுக் கிண்டினேன்.

போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தலையைத் தூக்கினேன். காரியக்காரர் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. புகையிலைச் சாற்றைப் பக்கத்தில் துப்பிவிட்டு மறுபடியும் என் பக்கமே பார்த்தார். பார்த்துவிட்டார் என்று ஒரு கணம் தோன்றியது. பார்த்திருந்தால் சத்தம் போட்டிருப்பாரே என்று அடுத்த கணம் தோன்றியது. கவுண்டர் கவளத்தைக் கையில் எடுக்கிற நேரத்தில் சொல்வதற்காகக் காத்திருக்கிறாரோ என்று பிறகு தோன்றியது. அந்த மனிதரின் வாயைத் தவிர எதுவும் அசையவில்லை. அதுவும் மென்றுகொண்டுதான் இருந்தது.

மரம் தாரோடு வந்தான். பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தான் முதலில் போட்ட ஒரு பிடி உப்புப் போதாது, இன்னொரு பிடி போட வேண்டும் என்று கையை நீட்டினான். நான் சட்டியைத் தள்ளி வைத்து, போதும் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். ஜெயிலில் உப்பு விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. சரி என்று விட்டுவிட்டான்.

தண்ணீர் எடுக்கப் பள்ளத்தில் இறங்கியபோது வாய்க்காலிடம் சொன்னேன். அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"அந்தாளு பாத்தாரா?"

"தெரியலை."

"பாக்கலைன்னா நீயா எதுக்கு வாயத் தெறக்கறே? நீ நாளைக்குப் போயிருவே. அந்தக் கெடாய நான் குட்டியிலிருந்து வளத்தேன். சும்மா இரு."

"பார்த்திருந்தா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். ஏறுகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போனான். இரண்டு மாதம் நக்கியும் ஆசை தீரவில்லையா, கூரை எரவாணத்தில் சொருகி வைத்திருக்கிற அரிவாளால் அந்த நாக்கை அறுத்தால் என்ன என்றெல்லாம்.

அதுவரைக்கும் எந்த ஊரில் தப்புச் செய்தாலும் அந்த ஊரை விட்டுப் போய்விடுவது என் வழக்கம். அன்றைக்கும் அதைத்தான் நினைத்தேன். நான் இல்லாவிட்டால் யாரும் என்னைக் கேட்க முடியாது என்று என் மூளை கணக்குப் போட்டது. அது பிசகான கணக்கு என்று இப்போது தெரிகிறது. கேள்வி மரத்திடம்தானே வரும். வீட்டுக்குள் போய் மூட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிப் பாதைக்கு வந்தேன். இறங்குகிற பாதை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதன் வழியாக ஊரே வந்துகொண்டிருந்தது. முப்பது முப்பத்தைந்து பேர், பெண்கள் தனியாக, பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டு. எல்லார் கையிலும் அவரவர் இலை சுருட்டி இருந்தது. முன்னால் வந்த கவுண்டர் எங்கே போகிறாய் என்று கேட்டார். தண்ணீருக்கு என்றேன். அவர் என் கக்கத்து மூட்டையைப் பார்த்தார்.

"துணியிலயா மொள்ளுவே, சாமி?" என்றார்.

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பி அவர்களுக்கு முன்னால் நடந்தேன். பள்ளத்துக்கு அப்பால் அந்த வாசலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு, காலடியில் ஒரு பானையும் ஒரு துணி மூட்டையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் என்னைப் போல மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

மரம் சாமிக்கு எடுத்து வைப்பதற்காகச் சிறு இலையைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் காதருகே குனிந்து சொன்னேன். ருசி பார்த்ததையும் சொன்னேன், உப்புப் போட்டதையும் சொன்னேன். இலையைக் கழுவுவதை அவன் நிறுத்தவில்லை.

"எந்தப் பான?"

"கறிப் பானை."

"சோத்துப் பானயத் தொட்டியா?"

"இல்லை."

"காரியக்காரர் பாத்தாரா?"

"அதுதான் தெரியலை."

அவன் தண்ணீரை உதறி இலையைப் பாறைமேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாய்க்கால் தூரத்திலிருந்து வேண்டாம் என்று கையாட்டினான். மரம் பள்ளத்துக்கு அப்பால் ஒரு தடவை பார்த்தான். அப்புறம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே கவுண்டர் முன்னால் போய் நின்றான்.

"கவுண்டருங்களே, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. சாமிக்கு வெக்கறதுக்கு முந்தியே கறியில உப்புப் பாத்துப்போட்டாங்க."

இலை விரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யார் என்று கவுண்டர் கேட்டார். நான் முன்னால் போனேன். எப்படிப் பார்த்தாய் என்று கேட்டார். அகப்பையைக் கையில் பிடிக்கிற மாதிரி பிடித்து, உள்ளங்கையைக் காட்டி, நக்கியும் காட்டினேன். பிள்ளைகள் பக்கத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ஒரு தாய் அந்தப் பிள்ளையின் தலையில் குட்டினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். ஜெயிலில் அது என் வேலை, கை அதுவாகச் செய்துவிட்டது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? சோற்றுப் பானையைத் தொடவில்லை என்பதற்குச் சத்தியம் கேட்டார். ஒரு பிடி சாமையைக் கையில் வாங்கிக்கொண்டு சத்தியம் செய்தேன்.

அவரும் இன்னும் நாலு பேரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். நெடுநேரம் பேசினார்கள். நடுவில் காரியக்காரரையும் கூப்பிட்டார்கள். அவர் போய் ஏதோ சொன்னார், என்னவென்று எங்களுக்குக் கேட்கவில்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மரம் அதையும் சாமைக் காட்டையும் மாறி மாறிப் பார்த்தான். வாய்க்கால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கறிப் பானை மட்டும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையை யாராலும் நிறுத்த முடியவில்லை.

திரும்பி வந்த கவுண்டர், "கறி ஊருக்கு ஆவாது. சோறு அவன் கையால ஆனது. சோறு போதும்" என்றார்.

வெறும் சோற்றை எப்படித் தின்பது, உப்பாவது வைக்கச் சொல்லுங்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நக்கின கையை உப்புச் சட்டியிலும் விட்டிருக்கிறானே என்று இன்னொருவர் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்படியானால் உப்பும் வேண்டாம் என்று கவுண்டர் முடித்தார்.

சாமிக்கு வெறும் சாமைச் சோறும் வாழைப்பழமும் வைத்தார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்தார்கள். மரம் ஒவ்வோர் இலையிலும் சோற்றை வைத்துக்கொண்டே போனான். கடைசி இலை வரைக்கும் வைத்துவிட்டுக் கவுண்டர் எதிரில் வந்து நின்றான். அவர் ஒரு கவளம் உருட்டினார். உருட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். உப்பில்லாத சாமைச் சோறு அவ்வளவு லேசாக இறங்காது. அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் வலது கையைக் குவித்து வாயருகே வைத்து, "தண்ணி ஊத்து" என்றார்.

மரம் செம்பை எடுத்து ஊற்றினான். பாதித் தண்ணீர் கவுண்டர் மேல்துண்டில் விழுந்தது. அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைத்தார்கள். வாழைப்பழத்தைப் பிசைந்து பிசைந்து தின்றார்கள்.

கறியை என்ன செய்வது என்று வாய்க்கால்தான் கேட்டான். அவன் குரலில் கோபம் இருந்தது. காது குத்தாத பிள்ளைகளுக்கு ஊர்க்கட்டு எதுவும் கிடையாது, அவர்களுக்குப் போடு என்று கவுண்டர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பானையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒரு பெரிய பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கறியை எடுக்க ஒரு கை வேண்டியிருந்ததால் பிடிபட்டான். அவன் அப்பன் வந்து அந்தக் காதைப் பிடித்தே தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு ஊர் முழுவதும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பிள்ளைகள் தின்று மிஞ்சியதை வாய்க்காலும் நானும் தின்றோம்.

"உப்பு எப்படி?" என்று கேட்டான் வாய்க்கால். அப்போதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரியாக இருக்கிறது என்றேன். சரியாகத்தான் இருந்தது.

ஆட்கள் கலைந்தபோது நான் காரியக்காரரிடம் போனேன். பாறைமேல் அதே இடத்தில் மறுபடியும் உட்கார்ந்திருந்தார். நான் உப்புப் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஏனப்பா, நான் கறி தின்னு அஞ்சு மாசம் ஆச்சு" என்றார். "நான் எதுக்குப் பாக்கறேன்?"

காலி இலையை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பொழுது இறங்குகிற நேரத்தில் அந்தப் பெண் பானையோடும் மூட்டையோடும் பள்ளத்தைத் தாண்டி வந்தாள். குழந்தையை மற்றப் பிள்ளைகள் கறிக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்; அதன் வாயெல்லாம் மசாலா. நாங்கள் போட்டு வைத்திருந்த எச்சில் இலைகளையும் சாம்பலையும் பார்த்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். மரம் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊற்றுக்குப் போனான். போனவன் திரும்ப நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் விடியும்போது மேகம் அப்படியே நின்றது. வாய்க்கால் விடிகிறதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டான், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல். நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். காட்டோரத்தில் ஊர் ஆட்கள் அரிவாளோடு வந்து வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் அறுத்து முடிக்க ஆள் போதாது என்று கவுண்டர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நிற்கட்டுமா என்று கேட்டேன். கூலி சாமையாகத்தான் கிடைக்கும், மத்தியானம் கஞ்சி உண்டு, சாமை அறுத்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பரவாயில்லை, காடு முடிய இரண்டு நாள் ஆகும், அதற்குள் பழகிவிடும் என்றார்.

மரத்தின் மனைவி எரவாணத்திலிருந்து அரிவாளை எடுத்துவந்து கொடுத்தாள்.

"அறுங்க. அடுப்புப் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றாள்.

மூட்டையை வேலியில் மாட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு அடுத்த ஆள் காரியக்காரர். அவர் என் கையைப் பிடித்து அரிவாளைச் சரியாகப் பிடிக்க வைத்தார். இடது கையால் சாமைத் தாளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.